மூன்று கை மோட்டாரும் அக்காவின் சம்மட்டியும்

அக்கா சம்மட்டி அடிப்பதைப் பார்க்க, சந்தில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். ரிக்‌ஷாக்காரர்கூட வண்டியை இறக்கி வைத்துவிட்டு வாய் பார்ப்பார். நான் உள்ளே, பலகைத் தடுப்புக்குப் பின்னால், தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பேன். என்னை யாரும் நின்று பார்த்ததில்லை. பார்த்தால் எனக்குக் கை ஓடாது, அது வேறு விஷயம்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அண்ணன் காய்ச்சலில் இறந்தபோது பட்டறையில் எதிரே நின்று அடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. அக்கா கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு புருஷனுடைய சம்மட்டியை எடுத்தாராம். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது அவர் அடிக்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பினாங்கு துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் பட்டறை. மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கொக்கி, தொங்கான் படகுகளுக்கு வளையம், சங்கிலி, இப்படித்தான் வேலை வரும்.

பட்டறையில் ஒரு முறை உண்டு. இரும்பு சிவந்திருக்கும்போது வாயால் பேச நேரம் இருக்காது. பட்டறைக்காரர் சின்னச் சுத்தியலால் ஓர் இடத்தைத் தொட்டுத் தட்டுவார். எதிரே நிற்கிறவர் அதே இடத்தில் சம்மட்டியை இறக்க வேண்டும். சின்னச் சுத்தியல், இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்லின் மேல் சாய்ந்தால் நிறுத்த வேண்டும். என் வீட்டுக்காரர் டிங் என்பார், அக்கா டம் என்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் பேச்சுதான். என்னிடம் இவர் ஒரு நாளில் பேசுவது பத்து வார்த்தை இருக்கும். அதிலும் பாதி உப்பு, தண்ணீர், துண்டு.

அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் யாரிடமாவது போய் அழுதிருக்கலாம். ஒன்றும் இல்லாததற்கு எப்படி அழுவது? மிஷின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே வயிறு எரிவேன். எனக்கு அப்போது இருபது வயது.

ஜப்பான்காரன் வருவதற்கு மூன்று நான்கு வருஷத்துக்கு முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தென்னந்தோட்டத்துத் துரை சீமையிலிருந்து சின்ன உழவு மோட்டார் ஒன்று வரவழைத்தார். டிராக்டர் என்ற பேரெல்லாம் எங்கள் வாயில் நுழையவில்லை, மோட்டார் என்றுதான் சொல்வோம். அதற்குப் பின்னால் மூன்று கை. கீழே இரண்டு, மேலே ஒன்று. கீழ்க்கை இரண்டும் கலப்பையைத் தூக்கும், இறக்கும். மேல்கை அது கவிழாமல் பிடித்துக்கொள்ளும். மோட்டாரோடு வந்தது ஒரு கலப்பை மட்டும். துரையோ இளந்தென்னைகளுக்கு நடுவே கடலையும் சர்க்கரைவள்ளியும் போட்டிருந்தார். கடலைக்குக் களை கிளற வேண்டும், வள்ளிக்கு மண் அணைக்க வேண்டும், நடுவதற்குச் சால் போட வேண்டும். மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரே சட்டம் செய்து, அதில் வேண்டிய கால்களை மாட்டவும் கழற்றவும் முடியுமா என்று கணக்கு எழுதுகிற தோட்டத்துக் கிராணியை விட்டுக் கேட்டு அனுப்பினார். சரியாக அமைந்துவிட்டால் தோட்டத்து இரும்பு வேலை முழுக்க எங்களுக்குத்தான் என்றும் கிராணி சொன்னார்.

இவர் போய் மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து மனுஷர் தரையில் இல்லை. அதைச் சொல்வதற்கு என்னைத் தேடி வருவார் என்று சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பட்டறைப் பக்கம்தான் போனார்.

"அண்ணி, மூணு கை வச்சிருக்கான் அண்ணி. மூணே மூணு. அடுப்புக் கல்லு மாதிரி, ஆடவே ஆடாது."

"மூணு கை வச்ச மோட்டாரா? எனக்கு ரெண்டு கைய வச்சுக்கிட்டே ஒழியல, தம்பி."

முதலில் மரத்தில் செய்து பார்த்தார்கள். இவர் மோட்டார் மாதிரி முதுகைக் காட்டி நின்றுகொண்டு இரண்டு கையையும் பின்னால் நீட்டுவார். அக்கா மரச்சட்டத்தை அந்தக் கைகளில் மாட்டிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார். சட்டத்தின் நடுவில் ஒரு குத்துக்கட்டை. அதை மேல்கை பிடிக்க வேண்டும். மேல்கைக்கு ஆள் இல்லை.

"தங்கச்சி! ஓடியா. மோட்டாருக்கு ஒரு கை கொறையுது!" என்று அக்கா கூப்பிட்டார்.

நான் தடுப்புக்குப் பின்னாலிருந்து, "அடுப்புல வேலை இருக்குக்கா" என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வாசலில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் முன்னால் எப்படிப் போய் நிற்பது? அக்கா குத்துக்கட்டையைக் கயிற்றால் இவர் கழுத்தில் கட்டிவிட்டார். இவர் ஒரு எட்டு வைத்ததும் கட்டை தலையில் இடித்தது. இவரும் அக்காவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். போகாதது நான்தான். ஆனாலும் என்னை விட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள் என்றுதான் மனது சொல்லிற்று.

பிறகு சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட ஆரம்பித்தார்கள். நாலு பக்கமும் பட்டையான கனத்த சட்டம், ஓர் ஆள் நீளம். அதில் கால்களை எப்படி நிறுத்துவது என்பதுதான் பாடு. கடலை வரிசை நெருக்கம், வள்ளி வரிசை அகலம். கால்கள் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் ஓட்டை போட்டால் சட்டம் சல்லடையாகி ஒடிந்து போகும். இவர் குந்தி உட்கார்ந்து யோசிப்பார், எதிரே அக்கா குந்தி யோசிப்பார். இரண்டு பேர் தலையும் ஒரே படத்தின் மேல் கவிழ்ந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் அடைகல்லைக் கழுவிப் பொட்டு வைத்துச் சூடம் காட்டுவது என் வேலை. அந்த வெள்ளிக்கிழமை அடைகல்லோடு நிறுத்தாமல் தரை முழுக்கத் தண்ணீரை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துவிட்டேன். மூன்று நாள் படம் சாக்கடையில் போயிற்று.

இவர் வந்து பார்த்துவிட்டு, "அடடா... படம்" என்றார். அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமையாச்சே" என்றேன்.

"போனா போவுது தம்பி, சாமிக்குக் கழுவுனது. மறுபடியும் போட்டா இன்னும் நல்லா வரும்" என்றார் அக்கா. மறுபடியும் குந்தினார்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த வாரம் அக்காவுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். தோளுக்குத் துணி பற்றவில்லை என்று அளவு பார்க்க உள்ளே வந்தவர் மிஷினையே உற்றுப் பார்த்தார். அதில் துணியின் ஓரம் கோணாமல் ஓடுவதற்கு ஒரு சின்ன இரும்பு உண்டு. திருகாணியைத் தளர்த்தினால் அதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளலாம், தையல் எவ்வளவு உள்ளே விழ வேண்டுமோ அங்கே நிறுத்தித் திருகினால் அசையாது.

"இது என்னாடி இது?"

"ஓரம் புடிக்கிறதுக்குக்கா."

"தள்ளுனா தள்ளுது. முறுக்குனா நிக்குது." அக்கா இரண்டு விரலால் திருகாணியைக் கழற்றி, இரும்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "தம்பீ!" என்று கத்திக்கொண்டே போய்விட்டார். என்னைக் கேட்கவில்லை. அந்த மிஷின் என் அம்மா வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான்.

தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். இவர் என் மிஷினின் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்காவைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை. கல்யாணப் பந்தலில்கூட என்னை அப்படிப் பார்க்கவில்லை.

அப்புறம் வேலை ஓடிற்று. ஓட்டையே இல்லாத சட்டம். அதன் மேல் நகரும்படி ஐந்து இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் சட்டத்தை இறுக்க ஒரு போல்ட்டு, காலை இறுக்க ஒரு போல்ட்டு. கால் என்றால் மண்ணைக் கிளறுகிற வளைந்த கொழு. அதன் காம்பு பெட்டிக்குள் மேலிருந்து கீழே இறங்கி நிற்கும். ஆழம் வேண்டுமென்றால் இறக்கலாம், வேண்டாமென்றால் ஏற்றலாம். களைக்கு ஐந்து கால், சாலுக்கு மூன்று, மண் அணைக்க இரண்டு பெரிய இறக்கை. ஒரே சட்டத்தில் மூன்று வேலை. காம்புக்குக் கப்பலிலிருந்து கழித்துப்போட்ட உருண்டைக் கம்பிகள் துறைமுகத்தில் கிடைத்தன. நல்ல இரும்பு. அதையே வளைத்தார்கள்.

கோப்பி கொண்டுபோனபோது பார்த்தேன். உருண்டைக் காம்பு. அதன் மேல் போல்ட்டின் மொட்டை முனை.

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஊசி தெரியும். மிஷின் ஊசியின் தலை முழு உருண்டை இல்லை, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டையின் மேல்தான் திருகாணி உட்கார வேண்டும். அவசரத்தில் திருப்பிப் போட்டால் திருகாணி உருண்டைப் பக்கத்தில் விழும். எவ்வளவு முறுக்கினாலும் மெல்லிசுத் துணி வரைக்கும்தான் தாங்கும். கனத்த துணியில் இறங்கினதும் ஊசி திரும்பிவிடும், தையல் விட்டு விட்டுப் போகும். அந்தக் காம்பும் திரும்பும்.

சொல்ல வாய் எடுத்தேன். அப்போது அக்கா, "பாருங்க தம்பி, எறங்கி நிக்கிற ஜோர! பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்குது" என்றார். இவர் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகு நான் நிற்பது கண்ணில் பட்டது.

"என்னா பாக்குற?"

"ஒன்னுமில்ல" என்றேன்.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். வெட்கத்தால் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் இருந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு நிறுத்தியது வெட்கம் இல்லை. அது அக்கா கண்டுபிடித்த சட்டம். அது கவிழட்டும் என்று நினைத்தேன்.

ஓட்டிப் பார்க்கிற நாளன்று, "நீயும் வாயேன், அந்தக் கரைய நீ பாத்ததில்லையே" என்றார் இவர். எங்கேயும் போகாத நான் உடனே சேலை மாற்றிக்கொண்டேன். எதற்காகப் போனேன் என்பது எனக்குத் தெரியும். சட்டத்தை லாரியில் ஏற்றி, பெரிக் கப்பலில் கடல் தாண்டிப் போனோம். வழியெல்லாம் அக்கா ஒரு சாக்கால் அதைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

தோட்டத்தில் துரை, கிராணி, வரப்பின் மேல் களையெடுக்கிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மோட்டாரின் மூன்று கையிலும் சட்டத்தை மாட்டினார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. மணல் பக்கம் முதல் வரிசை அழகாகப் போயிற்று. களை புரண்டது, கடலைச் செடி ஒன்றுகூட அசங்கவில்லை. துரை தலையை ஆட்டினார். ஐயோ, நான் நினைத்தது தப்பா?

களிமண் பக்கம் போனதும் வேர் தட்டிற்று. ஒரு கால் திரும்பிற்று. பிறகு இரண்டாவது. வாத்து நடக்கிற மாதிரி கால்கள் பக்கவாட்டில் விரிந்துகொண்டு கடலைச் செடியை வேரோடு வாரிக்கொண்டு போயின. ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்து நிறுத்துவதற்குள் இரண்டு வரிசை போய்விட்டது.

கடலையை அங்கே கச்சான் என்பார்கள். வரப்பிலிருந்து ஒரு பெண், "கச்சான் புடுங்க இன்னும் ரெண்டு மாசம் கெடக்குலா! உங்க மோட்டாருக்கு என்னா அவசரம்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நியாயம்தான், அந்த மோட்டார் ஜெயித்தால் அவர்கள் வேலைக்குத்தான் கேடு.

துரை என்னவோ சொல்ல, கிராணி அதைத் தமிழில் சொன்னார். "ஒரு வாரம் தர்றாரு. அதுக்குள்ள சரியா வரலன்னா சீமைக்கே எழுதிடுவாராம்." அதோடு விட்டிருக்கலாம். அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொம்பளைய எதுத்தாப்புல நிறுத்தி இரும்பு அடிச்சா இப்படித்தான் கோணும்" என்றார்.

இவர் தலை குனிந்துதான் நின்றார். அதைக் கேட்டதும் நிமிர்ந்தார். "அடிக்கச் சொன்னது நான். கோணல் என்னோடது. அவங்கள ஒரு வார்த்தை சொல்லாதீங்க."

இத்தனை பேர் முன்னால், வாய் திறக்காத மனுஷர். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டிய நேரம். அதையும் 'அவங்கள' என்ற அந்த ஒரு வார்த்தை எரித்துவிட்டது.

திரும்பி வரும்போது பெரியில் அக்கா ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "தம்பி, நான் தைப்பிங்குல எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடறேன். நீங்க ஒரு ஆம்பள ஆளப் பாத்துக்குங்க. என்னாலதான் உங்களுக்குப் பேச்சு. இந்த வேலையாச்சும் கை நழுவாம இருக்கட்டும்."

இவர் வேண்டாம் என்றார். பிறகு மெதுவாக, "உங்க இஷ்டம் அண்ணி" என்றார். அக்கா ஒன்றைத் தீர்மானித்தால் மாற்ற முடியாது என்று அவருக்குத் தெரியும்.

மூன்று நாள். பட்டறையில் சத்தமே இல்லை. அக்கா டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, துரை கொடுத்த வாரம் முடிந்ததும் கிளம்புவதாக இருந்தார். இவர் காம்புகளை எடுத்து எடுத்துப் பார்த்தார், போல்ட்டை இன்னும் பெரிதாகப் போட்டார், குறட்டால் திருகிப் பார்த்தார், திரும்பிற்று. நான் சமைத்தேன், தைத்தேன். நான் நினைத்தது நினைத்தபடி நடந்துகொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அக்கா போய்விடுவார். வீடு என்னுடையது, இவரும் என்னுடையவர்.

நாலாம் நாள் காலையில் அக்கா தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தார். கையில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால் என் மிஷினின் அந்தச் சின்ன இரும்பு. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

"உன் சாமான ஒன்னக் கேக்காம எடுத்துட்டேன், புள்ள. உங்கம்மா வூட்டு சாமான். அன்னிக்கே நீ மொகம் சுருங்குன. பாத்தேன். பாத்தும் கேக்கல. மனசுல வச்சுக்காத."

பார்த்திருக்கிறார். நான் யார் கண்ணிலும் படாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டில் என் முகம் சுருங்கியதை ஒருத்தர் பார்த்திருக்கிறார். மிஷினின் ஊசியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"தடவிப் பாருங்கக்கா. தலப்பக்கம்."

சம்மட்டி பிடித்துக் காய்த்துப் போன விரல். அந்த விரலுக்கு ஊசி தெரியுமா என்று பயந்தேன். அக்கா பெருவிரலால் ஒரு முறை உருட்டினார். உருட்டியது நின்றது.

"ஒரு பக்கம் தட்டை."

"திருகாணி அங்கதான் ஒக்காரணும். உருண்டையில ஒக்காந்தா ஊசி திரும்பிடும்."

அக்கா ஊசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தோன்றிற்று என்றால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவர் கண் என் மேலேயே இருந்தது.

"கோப்பி கொண்டாந்த அன்னிக்கே."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியது எனக்குத் தெரிந்தது: பெரி, வரப்புச் சிரிப்பு, கிராணி சொன்ன சொல், கட்டி வைத்த டிரங்குப் பெட்டி.

"பொல்லாதவடி நீ" என்றார், ரொம்ப மெதுவாக. "வெள்ளிக்கிழம தரையக் கழுவுனதும் இதுக்குத்தானா?"

தலையாட்டினேன்.

அவர் எழுந்து பட்டறைப் பக்கம் போனார். எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறார் என்று நான் மிஷினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, அடுப்ப மூட்டுங்க! காம்பு பூராவும் ஒரு பக்கம் தட்டையா அடிக்கணும். தங்கச்சி சொல்றா!" என்ற குரல்தான் கேட்டது.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஐந்து காம்பையும் காய வைத்து, போல்ட்டு உட்காருகிற பக்கம் தட்டையாக்கி, அரம் போட்டார்கள். மறுபடியும் கடல் தாண்டிப் போனோம். அதே களிமண், அதே வேர்கள். ஒரு காலும் திரும்பவில்லை. பிறகு கால்களைத் தள்ளி, இறக்கைகளை மாட்டி வள்ளிப் பக்கம் போனார்கள். அங்கேயும் மண் ஒழுங்காக ஏறி அணைந்தது. வரப்பில் நின்ற பெண்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

துரை குனிந்து ஒரு காம்பைத் தொட்டுப் பார்த்து, யார் யோசனை என்று கேட்டாராம். கிராணி எங்கள் பக்கம் திரும்பினார். இவர் அக்காவைப் பார்த்தார். அக்கா பின்னால் ஒளிந்திருந்த என்னைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இதோ நிக்கிறாளே, இவதான். தைக்கிற ஊசியப் பாத்துச் சொன்னா. பொம்பள அடிச்சது கோணுச்சு, கிராணியாரே. பொம்பள சொன்னது நேராக்கிடுச்சு. எழுதி வச்சுக்குங்க."

கிராணி இருமினார். எனக்குக் கண் தரையிலேயே இருந்தது. நிமிர்ந்தபோது இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடுக்கு வழியாகப் பார்த்து ஏங்கிய அதே பார்வை. இத்தனை நாள் அதற்காகத்தான் எரிந்தேன். கிடைத்துவிட்டது. ஆனால் அதை வாங்கிக் கொடுத்தது அக்கா. அந்தப் பார்வைக்குள்ளேயும் அவர்தான் நின்றார்.

அக்கா தைப்பிங்குக்குப் போகவில்லை. தோட்டத்து வேலை எங்களுக்கு வந்தது. அதற்குப் பிறகு இவர் ஒரு வேலை எடுத்தால், "நீ என்னா சொல்ற?" என்று என்னையும் கேட்பார். நான் முதலில் அக்கா முகத்தைப் பார்ப்பேன். அவர் சட்டென்று துருத்திப் பக்கம் திரும்பிக்கொள்வார், நான் பதில் சொல்லட்டும் என்று.

எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. புளி, தண்ணீர், துவைக்கிற கல், எதற்கெல்லாமோ கத்தியிருக்கிறோம். எவ்வளவு கோபத்திலும், நான் தெரிந்தே மறைத்த அந்த ஒன்றை அக்கா எடுத்து வீசவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் கடைசி வரை அது தெரியாமலே போனார். அக்காவும் அதைச் சொல்லாமலே போனார்.

என் இடத்தில் அவர் இருந்து, அவர் குற்றம் என் கையில் கிடைத்திருந்தால், நான் ஒரு நாளாவது சும்மா இருந்திருப்பேனா? இருந்திருக்க மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். சம்மட்டி அடிக்கிற தெம்பு எனக்கு இல்லாததைப் பற்றிக்கூட இப்போது வருத்தமில்லை. அந்த ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்த தெம்பை நினைத்தால்தான், இந்த வயதிலும், வயிறு எரிகிறது.